ஜனவரிப் பக்கத்தில் நின்ற ஆள்

"சும்மாதானே இருக்கீங்கண்ணா?" என்று தீபா ஃபோனில் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ரிடையர் ஆனவனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. நான் எங்கே சும்மா இருக்கிறேன்? காலையில் ஜோகுபாளையத்து வீட்டிலிருந்து கிளம்பி அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு நடை. திரும்பி வந்து பேப்பர். பேப்பரை முடிக்காமலே மாடி. மாடியில் செடிக்குத் தண்ணீர் பாதி ஊற்றியிருக்கும்போதே வாசலில் ஏதோ சத்தம், உடனே வாசல். "ஒரு இடத்துல உக்காரவே மாட்டீங்களா? கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று என் மனைவி செல்வி திட்டாத நாள் இல்லை.

தீபா திருநெல்வேலிப் பெண். நான் வேலை பார்த்த காலண்டர் கம்பெனியில் கடைசி சில வருஷங்கள் எனக்குப் பக்கத்து மேஜை. இப்போது படப் பிரிவுக்கே அவள்தான் தலைமை.

"இப்பல்லாம் ஃபோன்லயே ஒரு தட்டு தட்டினா படத்துல பின்னாடி நிக்கிற ஆளு காணாமப் போயிடறான்ணா. புதுசா சேர்ந்தவங்க, இதுக்கு முன்னாடி நீங்கள்லாம் எப்படிப் பண்ணீங்கன்னு கேக்கறாங்க. ஆபீஸ் மலருக்கு நாலு பக்கம் எழுதித் தாங்களேன். அந்த உள்ளான் பறவைக் கூட்டம் இருக்கே, ஜனவரிப் படம், அதைப் பத்தியே எழுதுங்க. இன்னிக்கும் அதைத்தான் எல்லாருக்கும் காட்டறேன். பின்னாடி ஒரு தூசு இருக்காதே!"

ஒரு தூசு இருக்காதாம். ஃபோனை வைத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே நாலு தடவை நடந்தேன். சரி, அந்தத் தூசைப் பற்றியே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். இந்தப் பத்தி வரை வருவதற்குள் மூன்று தடவை எழுந்துவிட்டேன்.

போட்டோவுக்கு டச்சப் செய்கிற வேலையைக் கற்றுக்கொண்ட கதையை நீட்டி முழக்கப் போவதில்லை. கண்டோன்மென்ட் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் பிரஷ்ஷும் பென்சிலுமாக ஆரம்பித்தேன். எனக்குக் கொடுத்த முதல் பெரிய வேலை, ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து மாப்பிள்ளையின் மச்சானை எடுப்பது. கல்யாணத்துக்குப் பிறகு ஏதோ சண்டையாம், அவன் முகத்திலேயே விழிக்க மாட்டார்களாம். இரண்டு நாள் உயிரைக் கொடுத்து அவனை எடுத்துவிட்டு, அவன் இருந்த இடத்தில் பந்தல் துணியை வரைந்தேன். மச்சான் போனான், அவன் ஷூ மட்டும் ஜமக்காளத்தில் நின்றுவிட்டது. முதலாளி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

பிறகுதான் காலண்டர் கம்பெனி. பள்ளிக்கூட சார்ட்டு, வாழ்த்து அட்டை, வருஷத்துக்கு ஒரு பறவைக் காலண்டர். கம்ப்யூட்டர் வந்ததும் பிரஷ் போய் மவுஸ் வந்தது. நஞ்சுண்டையா சார் மட்டும் மாறவில்லை.

நஞ்சுண்டையா சார்தான் எங்கள் பிரிவுத் தலைவர். சத்தம் போடவே மாட்டார். பாக்கெட் நிறைய வறுத்த வேர்க்கடலையோடு நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். கடலை உடைகிற சத்தம் கேட்டால் சார் வந்துவிட்டார் என்று அர்த்தம். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் உடைத்துக்கொண்டே இருப்பார். நல்லா இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. சத்தம் நின்றால்தான் பயம், ஏனென்றால் அவர் எதையோ பார்த்துவிட்டார்.

எந்தப் படமானாலும் முதலில் ஒரு பிரிண்ட் அவர் மேஜைக்குப் போக வேண்டும். கண்ணை உறுத்துகிற ஒவ்வொன்றையும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, உள்ளே கன்னடத்தில் ஒரு 'க' எழுதுவார். 'கஸ' என்பதற்குச் சுருக்கம். பெங்களூரில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, காலையில் தெருவுக்குக் கஸ வண்டி வருகிறதே, அதே கஸதான், குப்பை. மின்கம்பி கஸ. பிளாஸ்டிக் கவர் கஸ. தூரத்து அப்பார்ட்மென்ட் கஸ. எங்கள் பேச்சிலும் அது ஒட்டிக்கொண்டது. "உன் படத்துல எத்தனை கஸ?" என்றுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம்.

குப்பையை எடுப்பதற்கும் அவரிடம் முறை உண்டு. படத்தை இரட்டிப்பாகப் பெரிதாக்கி, இடது மேல் மூலையிலிருந்து வீடு பெருக்குகிற மாதிரி வரிசையாக வர வேண்டும். பறவையின் ஓரத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும். தண்ணீரிலிருந்து ஒரு துண்டு எடுத்து ஒட்டினால் அதே அலை இரண்டு இடத்தில் தெரியும். தெரியக் கூடாது. தண்ணீர் இருந்தால் இன்னொரு விதி. "மேல எடுத்தா கீழயும் எடு" என்பார், பிம்பத்தைச் சொல்வார். எல்லாம் முடிந்ததும் படத்தைத் திரையில் தலைகீழாகத் திருப்பிவிட்டு, எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்து பார்க்க வேண்டும். நேராகப் பார்த்தால் நாம் பார்க்க விரும்புவதைத்தான் பார்ப்போமாம். தலைகீழாகப் பார்த்தால்தான் மிச்சம் இருப்பது தெரியுமாம். கடைசியாக, முடிந்த படம் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், மூலப் படத்தை அழித்துவிட வேண்டும். அப்போது டிஸ்க்கில் இடம் அவ்வளவு தட்டுப்பாடு. பழைய படமும் புதிய படமும் சேர்ந்து கிடந்து ஒருமுறை தவறானது பிரஸ்ஸுக்குப் போய்விட்டது, அதிலிருந்து இந்தச் சட்டம்.

குளிர்காலத்தில் நம் ஏரிகளுக்கு வருகிற உள்ளான்களை எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தொல்லை தெரியும். ஒற்றைப் பறவை என்றால் கவலையே இல்லை. கூட்டம் என்றால் நூறு தலை, இருநூறு இறக்கை. ஒன்றின் முகத்தை இன்னொன்றின் இறக்கை மறைக்கும். சேற்றில் இரை பொறுக்கும்போது எல்லாம் குனிந்திருக்கும், ஏதோ பழுப்பு மூட்டைகள் கிடக்கிற மாதிரி இருக்கும். எழுந்து பறக்கும்போதுதான் அழகு. மொத்தக் கூட்டமும் ஒன்றாகத் திரும்பும். ஒரு நொடி அத்தனையும் வெள்ளை வயிறு, மறு நொடி அத்தனையும் மண் நிற முதுகு. அந்த வெள்ளை நொடி வேண்டும், எந்தத் தலையும் மறையக் கூடாது, பின்னாலும் ஒன்றும் இருக்கக் கூடாது. பெங்களூரில் பின்னால் ஒன்றும் இல்லாத ஏரி எங்கே இருக்கிறது?

படம் எடுப்பவர்கள் டிப்பர் லாரியும் தண்ணீர்த் தொட்டியுமாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் அவர்களோடு மல்லுக்கு நிற்பேன். "தரையோட படுத்து எடுத்தா பாதி குப்பை மறையும்ல?" என்று கத்துவேன். ஒருநாள் நஞ்சுண்டையா சார் கடலையை உடைத்தபடி, "நீனே ஹோகப்பா" என்றார். நீயே போ என்று. போனேன். ஆபீஸ் கேமராவையும் நீள லென்ஸையும் எடுத்துக்கொண்டு அந்தக் குளிர்காலம் முழுக்கச் சேற்றில் படுத்தேன்.

அத்திபெலே போகிற வழியில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஏரி. பேர் வேண்டாம். ஜனவரிக் காலை, பல் கிட்டுகிற குளிர். கொசு உள்ளான் கூட்டம் ஒன்று சேற்றுத் திட்டில் இறங்கியிருந்தது. நான் கரையில் குப்புறப் படுத்து, லென்ஸைத் தண்ணீர் மட்டத்துக்கு வைத்துக் காத்திருந்தேன். அப்போது பறவைகளுக்குப் பின்னால், முப்பது நாற்பது அடி தள்ளி, கோரைக்குள்ளிருந்து ஒருவர் வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். முழங்கால் தண்ணீர். தலையில் ஒரு பெரிய கட்டு ஜொண்டு. அந்தப் பக்கம் கோரைப் புல்லை அப்படித்தான் சொல்வார்கள், மாட்டுக்கு அறுத்துக்கொண்டு போவார்கள். அவர் கரைக்கு வர வேண்டுமானால் பறவைகளின் நடுவே நடந்துதான் வர வேண்டும்.

பேச்சுக் குரலுக்கு அந்தப் பறவைகள் பழகியிருந்தன. தினமும் அவரைப் பார்க்கிறவை. ஆனால் கிட்டே நடந்தாலோ, தண்ணீரில் தொம்மென்று ஏதாவது விழுந்தாலோ பறந்துவிடும், அதுவும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"அண்ணா, அங்கயே நில்லுங்க. ஒரு அடி நகராதீங்க" என்றேன்.

"யாரு சார் நீங்க? சர்வே ஆபீஸா?"

"இல்லண்ணா, காலண்டருக்குப் படம் எடுக்கறேன்."

"தலைமேல பாரம் இருக்கே சார். ஈரப் புல்லு, கழுத்து ஒடியுது."

"கீழ போட்டா சத்தத்துல எல்லாம் பறந்துடும்ணா. கொஞ்சம் பொறுத்துக்கோங்க. நீங்களும் படத்துல வருவீங்க. அடுத்த வருஷ காலண்டர்ல."

அந்தக் கடைசி வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆளை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

"நெசமாவா?"

"நெசமாண்ணா."

அவர் முகம் மாறியதை லென்ஸ் வழியாகப் பார்த்தேன். ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை இடுப்பில் ஊன்றி, ஸ்டூடியோவில் நிற்கிற மாதிரி முகவாயைத் தூக்கிச் சிரித்துக்கொண்டே நின்றார். நான் பருந்துக்காகக் காத்திருந்தேன். அந்த ஏரிக்குச் சேற்றுப் பருந்து ஒன்று வருவதுண்டு. அது தாழ்வாக வந்தால்தான் கூட்டம் ஒன்றாக எழும்பும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எனக்குப் படுத்தே கால் மரத்துவிட்டது. அவர் பாரத்தோடு, முழங்கால் தண்ணீரில், அசையவில்லை.

பருந்து வந்தது. கூட்டம் எழும்பியது, திரும்பியது, வெள்ளையாயிற்று. விரலை எடுக்காமல் அழுத்தினேன். எடுத்ததில் ஒரே ஒரு படத்தில் எல்லாத் தலையும் தெரிந்தது, எல்லா இறக்கையும் விரிந்திருந்தது. அதன் சரியான நடுவில், சிரித்தபடி அவர்.

கரைக்கு வந்து கட்டைப் போட்டதும் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். "என் பேரு முனியப்பா சார். எந்த மாசத்துல வருவேன்?" என்று கேட்டார்.

"அது பிரிண்ட் ஆனாத்தான் தெரியும்ணா" என்று சொல்லிவிட்டு, கேமராவைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பிரிண்ட் நஞ்சுண்டையா சார் மேஜைக்குப் போய் வந்தது. தூரத்துக் கரையில் விழுந்திருந்த லாரிக்கு ஒரு 'க', கம்பிக்கு இரண்டு, தொட்டிக்கு ஒன்று. முனியப்பாவின் நெஞ்சில், எல்லாவற்றையும் விடப் பெரிதாக ஒரு 'க'.

"சார், இவரு நமக்காக நின்னாரு" என்றேன்.

"இது ஹக்கி காலண்டரப்பா. மனுஷ யாக்கே?" என்றார். பறவைக் காலண்டரில் மனுஷன் எதற்கு என்று.

எதற்கெடுத்தாலும் எகிறிக் குதிக்கிற நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் அந்த ஆள் அங்கே இருப்பது பிடிக்கவில்லை. அவர் இருந்தால் கண் முதலில் அவரிடம்தான் போகிறது. என் பறவைகளைப் பார்க்க மாட்டார்கள். அவர் குப்பை என்று சார் எழுதினார், ஆனால் எழுதுவதற்கு முன்பே என் மனதில் வட்டம் போட்டாகிவிட்டது.

நாலு நாள் வேலை. லாரி, தொட்டி, கம்பி எல்லாம் முதல் நாளே போய்விட்டன. முனியப்பாதான் போகவில்லை. அவர் முன்னால் பதினோரு பறவைகள், இறக்கை நுனி ஒவ்வொன்றும் அவர் சட்டைமேல் கிடந்தது. ஒரு நுனியைச் சுற்றி அழிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. கால், இடுப்பு, இடுப்பில் ஊன்றிய கை, தலையில் இருந்த கட்டு என்று துண்டு துண்டாக எடுத்து, அந்த இடத்தில் பனியையும் தண்ணீரையும் நிரப்பினேன். ஒரு பறவையின் இறக்கை அவர் கன்னத்தை உரசிக்கொண்டிருந்ததால் முகத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கடைசி அரை நாள் அந்தச் சிரிப்பு மட்டும் தண்ணீருக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. அதையும் எடுத்தேன்.

நஞ்சுண்டையா சார் அந்த வாரம் கண் ஆபரேஷனுக்காக லீவு. பிரஸ்ஸிலிருந்து ஃபோன் மேல் ஃபோன். படத்தைத் தலைகீழாகத் திருப்பி, டீ குடித்துவிட்டு வந்து பார்த்திருக்க வேண்டும். எனக்கு எங்கே பொறுமை? நாலு நாள் உட்கார்ந்ததே பெரிசு. படத்தைச் சேமித்தேன், மூலத்தை அழித்தேன், அனுப்பிவிட்டு வெளியே ஓடிவிட்டேன்.

காலண்டர் வந்தது. அந்தப் படத்தை முதல் பக்கத்தில், ஜனவரிக்குப் போட்டிருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் கொண்டாடினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முனியப்பாவைச் சுத்தமாக மறந்தே போனேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் வாசலில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கும். பேர் சரளா, பொம்மசந்திரா பக்கம் கார்மெண்ட்ஸில் வேலை என்றாள். கையில் சுருட்டிய ஒரு தாள்.

"சார், இந்தப் படத்தை எடுத்தது யாரு? கீழ உங்க அட்ரஸ் போட்டிருக்கு."

விரித்தாள். என் ஜனவரிப் பக்கம். எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை, டப்பாக்கள் வைத்த வட்ட வட்டத் தடங்கள்.

"நான்தான்மா" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"சமையல் அலமாரியில பேப்பர் மாத்தினேன் சார். இது டப்பாங்களுக்கு அடியில தலைகீழா கிடந்துச்சு. டப்பாவைத் தூக்கறேன், எங்கப்பா நிக்கறாரு."

தாளைத் தலைகீழாகத் திருப்பி என் மேஜைமேல் வைத்தாள். தண்ணீரில் பறவைகளின் பிம்பங்களுக்கு நடுவே நான் கோரையின் நிழல் என்று நினைத்து விட்டுவைத்திருந்த ஒரு கலங்கல், இப்போது நிமிர்ந்து நின்றது. தலையில் கட்டு, இடுப்பில் ஊன்றிய கை. முழங்காலோடு ஆள் முடிந்துவிட்டிருந்தார். அதற்குக் கீழே நான் வரைந்த வெறும் தண்ணீர். மேலே எடுத்தேன், கீழே எடுக்கவில்லை.

"எப்படி இருக்காரு அப்பா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"போயிட்டாரு சார். இந்தக் காலண்டர் வருஷமே, ஆடி மாசம். ஏரிக்கரையில மாரடைப்பு."

பிறகு நின்றபடியே சொன்னாள். நான் உட்காரச் சொல்லவே மறந்துவிட்டேன். அன்றைக்கு முனியப்பா வீட்டுக்குப் போய், காலண்டரில் வரப் போகிறேன் என்று தெருவுக்கே சொல்லியிருக்கிறார். வருஷம் முழுக்கச் சொல்லியிருக்கிறார். காலண்டர் வந்ததும் அத்திபெலே கடைக்குப் போய்ப் பன்னிரண்டு பக்கமும் புரட்டியிருக்கிறார். ஏரி இருந்தது, பறவைகள் இருந்தன, அவர் இல்லை. இருந்தாலும் வாங்கிக்கொண்டு வந்து, "நான் நின்னது இந்த எடம்தான்" என்று காட்டியிருக்கிறார்.

"எல்லாரும் சிரிச்சாங்க சார். 'முனியப்பா ரீல் விடறான்'னாங்க. டீக்கடைக்குப் போனா, 'என்ன காலண்டரு, எந்த மாசம்?'னு கேப்பாங்க. அதே பேரா ஆயிடுச்சு. எங்கம்மாதான் ரொம்பப் பேசுச்சு. மானத்தை வாங்கிட்டான்னு சண்டை போட்டு, படத்தைக் கிழிச்சு அலமாரிக்குப் போட்டுச்சு. அவரு போன அன்னிக்குக் காலையிலகூட, 'காலண்டர் துரை கெளம்பிட்டாரு'ன்னு சொல்லிச்சு."

அவள் அழவில்லை. நான்தான் மேஜையில் இருந்த பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன்.

"இதை அம்மாகிட்ட காட்டினேன். ஜொண்டு நெழலுடி அதுன்னு சொல்லிடுச்சு. எங்கப்பா ரீல் விடல சார். அது ஒண்ணு எங்கம்மாவுக்குத் தெரியணும். நீங்க மொதல்ல எடுத்த படம் இருக்கும்ல? அதுல ஒரு காப்பி குடுங்க, போதும்."

இல்லை என்று எப்படிச் சொல்வது? "மூணு வாரம் குடும்மா, பாக்கறேன்" என்றேன். அவள் போனதும் நஞ்சுண்டையா சாரிடம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். கடலைச் சத்தம் நின்றது.

"நோடிதே" என்றார். பார்த்தேன் என்று. "ஆபரேஷன் ஆகி வந்த அன்னிக்கே பாத்தேன். பிரிண்ட் ஆகோகித்து."

அச்சாகிவிட்டதாம், அதனால் சொல்லவில்லையாம். எனக்கு வந்த கோபத்தில் கதவை அறைந்துவிட்டு வந்தேன். அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பதெல்லாம் பிறகுதான் தோன்றியது.

மூன்று வாரம் வேறு வேலையே பார்க்கவில்லை. சரளாவிடம் கேட்டு வாங்கிய அடையாள அட்டைப் படத்திலிருந்து முகத்தை எடுத்தேன். அதில் மனுஷன் போலீஸ்காரனைப் பார்த்த மாதிரி முழித்துக்கொண்டிருந்தார். அந்த முழியைச் சிரிப்பாக்கினேன். பிம்பத்தை நிமிர்த்தி உடம்பு செய்தேன். பதினோரு இறக்கைகளுக்குப் பின்னால் அவரைத் திரும்ப நிறுத்தினேன். நான் செய்த வேலையிலேயே உயர்ந்த வேலை அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். நஞ்சுண்டையா சார் அவர் வாழ்நாளில் முதல்முறையாக, "சென்னாகிதெ" என்றார். நல்லாயிருக்கிறதாம்!

சரளா வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"சூப்பரா இருக்கு சார். ஆனா இது யாரு?"

"அப்பாதானேம்மா?"

"அப்பா மாதிரி இருக்காரு." படத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினாள். "கோச்சுக்காதீங்க. இதை எடுத்துட்டுப் போனா எங்க தெருவுல என்ன சொல்லுவாங்க தெரியுமா? கம்ப்யூட்டர்ல ஒட்டினதும்பாங்க. பேனருல தலைவருங்க பக்கத்துல யாரை வேணா நிக்க வெக்கறாங்களே, அது மாதிரி. அப்பறம் அப்பாவோட சேர்ந்து நானும் ரீல் விடறேன்னு ஆயிடும். மொதல் படம் இல்லையா சார்?"

"அழிச்சுட்டேன்மா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மூன்று வாரம் சுற்றியிருந்தேன்.

அவள் கறைபிடித்த பழைய தாளை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டாள். படியில் பாதி இறங்கியிருந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"நான் வந்து அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

"என்னன்னு?"

"நான்தான் நிக்கச் சொன்னேன், நான்தான் அழிச்சேன்னு."

தீபா, உன் ஆட்களிடம் சொல். அந்த ஜனவரிப் படத்தில் நாலு நாள் உட்கார்ந்தது கஷ்டம் இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அந்த வீட்டுக்குப் போனதுதான் கஷ்டம். பஸ்ஸில் எனக்கு உட்காரவே முடியவில்லை, இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

சரளாவின் அம்மா பேர் ருக்கம்மா. வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சரளா சொன்னதும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, உரிப்பதைத் தொடர்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கே படுத்திருந்தேன், அவர் எங்கே நின்றார், என்ன பேசினோம், சிவப்புப் பென்சில், நாலு நாள் வேலை. அவரைக்கொட்டை முறத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நில்லுன்னு நீங்களா சொன்னீங்க?" என்றார் கடைசியில்.

"நான்தான்மா."

"பாரத்தோடவா?"

"பாரத்தோட. கீழ போட்டா பறவை போயிடும்னு நான்தான் சொன்னேன்."

"எவ்ளோ நேரம்?"

"அரை மணிக்கு மேல இருக்கும்."

"தண்ணியில?"

"தண்ணியில."

உரிக்கிற கை நின்றது. "வூட்டுல ஒரு எடத்துல அஞ்சு நிமிசம் நிக்காத மனுசன் சார் அது" என்றார். முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டார். "தப்பு பண்ணிட்டேன்மா" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "குடுடி அதை" என்று சரளாவிடமிருந்து தாளை வாங்கி, தானே தலைகீழாகத் திருப்பி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார்.

"இடது கையை இடுப்புல வெச்சிருக்கு" என்றார்.

தண்ணீர்ப் பிம்பத்தைத் தலைகீழாகத் திருப்பினால் இடம் வலமாகிவிடும். அவர் ஊன்றியிருந்தது வலது கை. எடுத்தது நான், அழித்தது நான், எனக்குத் தெரியாதா? நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தவறைத் திருத்தாமல் வாயை மூடிக்கொண்டேன்.

"சிரிக்குது பாரு" என்றார் அடுத்து.

அந்தக் கலங்கலில் முகமே இல்லை. வெறும் கருப்புத் திட்டு. சரளா என்னைப் பார்த்தாள். ஆனால் அந்தச் சிரிப்பை அரை நாள் உட்கார்ந்து, இறக்கையிலிருந்து பிரித்துப் பிரித்து எடுத்தவன் நான். என் அளவுக்கு உலகத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது.

"ஆமாம்மா, சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னாரு. கடைசி வரைக்கும்."

ருக்கம்மா உள்ளே போய், சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில் தாளைக் குத்தினார். பறவைகள் அத்தனையும் தலைகீழாக, ஜனவரி என்ற எழுத்தும் தலைகீழாக. அதற்குள் பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன ருக்கு, படத்தைத் தலைகீழா மாட்டியிருக்கே?"

ருக்கம்மா திரும்பக்கூட இல்லை. தாளின் ஓரத்தைக் கையால் நீவிவிட்டுக்கொண்டே சொன்னார்.

"எந்த மாசம் எந்த மாசம்னு கேட்டீங்கல்ல எல்லாரும்? எங்காளு ஜனவரி. உள்ள வந்து பாரு."